பட்டியல் போனது; பகுத்தறியும் பொறுப்பு யாருடையது?

புதுதில்லி: நாட்டின் உயர்கல்வித் துறையில் ஆறு வார இடைவெளியில் இரண்டு முடிவுகள் நடைமுறைக்கு வந்தன. 2025 ஜனவரி 1-ஆம் தேதி முதல் "ஒரே நாடு, ஒரே சந்தா" திட்டத்தின் கீழ், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13 ஆயிரம் ஆய்விதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இணையம் வழியாகத் திறந்துவிடப்பட்டன. அதே ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி, நம்பத்தகுந்த ஆய்விதழ்கள் எவை என்று அடையாளம் காட்டிவந்த "கேர்" பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. இனி எது தரமான ஆய்விதழ் என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், அதற்கு உதவியாகச் சில அளவுகோல்கள் வழங்கப்படும் என்றும் குழு தெரிவித்தது.

முதல் முடிவு வாசலை அகலத் திறந்தது. இரண்டாவது முடிவு வாசலில் நின்ற காவலரை விலக்கிக்கொண்டது. உள்ளே நுழையும் மாணவருக்கு எதை எடுப்பது, எதை ஒதுக்குவது என்று கற்றுத்தரப் போகிறவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் இரு அறிவிப்புகளிலும் விடை இல்லை.

கல்வி வளாகங்களில் இதற்குத் தகுதியானவர்கள் இரு தரப்பினர். தரவுத்தளங்களும் தேடும் முறைகளும் பதிப்புத் துறையின் நெளிவுசுளிவுகளும் அறிந்தவர் நூலகர். பாடத்தின் ஆழம் அறிந்தவர், மாணவரின் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவர் பேராசிரியர். இந்த இருவரும் பெரும்பாலான கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் பணிபுரிந்தும் ஒரே வகுப்பறையில் நின்றதில்லை. இணையத் தகவலைத் தேடவும் எடைபோடவும் பயன்படுத்தவும் தெரிந்திருக்கும் தகவல் அறிதிறன், இந்த இடைவெளியில்தான் விழுந்து கிடக்கிறது.

பட்டியல் பிறந்த கதை

கைவிடப்பட்ட பட்டியல் எதற்காக உருவானது என்பதைப் பார்த்தால் இன்றைய சிக்கலின் வேர் புலப்படும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பு ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு பி.எச்டி. விதிமுறைகள் கட்டாயமாக்கின. அடுத்த ஆண்டு வந்த விதிமுறைகள் ஆசிரியர்களின் பதவி உயர்வையும் கட்டுரை எண்ணிக்கையோடு இணைத்தன. கட்டுரைக்குத் தேவை பெருகியதும் அதை விற்கும் சந்தையும் பெருகியது. பணம் கொடுத்தால் சில நாள்களிலேயே எதையும் அச்சேற்றித் தரும் போலி ஆய்விதழ்கள் இணையத்தில் புற்றீசல்போல் கிளம்பின.

இந்தச் சந்தையின் அளவை 2015-இல் "பி.எம்.சி. மெடிசின்" இதழில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பின்லாந்தைச் சேர்ந்த அந்த ஆய்வாளர்களின் கணக்குப்படி, உலகெங்கும் இத்தகைய இதழ்களில் 2010-இல் வெளியான கட்டுரைகள் சுமார் 53 ஆயிரம். 2014-இல் அது 4 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. அவற்றின் ஆசிரியர்களில் சுமார் 35 சதவீதத்தினர் இந்தியர்கள். பதிப்பகங்களிலும் கால் பங்குக்கு மேல் இந்தியாவைச் சேர்ந்தவையே.

இதைக் கட்டுப்படுத்தவே 2017-இல் மானியக் குழு 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களைக் கொண்ட அங்கீகாரப் பட்டியலை வெளியிட்டது. ஆனால், பட்டியலுக்குள்ளேயே போலிகள் புகுந்திருந்தன. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்த்த இதழ்களில் 1,009-ஐ ஆராய்ந்த புணே சாவித்திரிபாய் ஃபுலே பல்கலைக்கழக அறிஞர்கள், அவற்றில் 88 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தரமற்றவை என்று 2018 மார்ச் மாத "கரன்ட் சயின்ஸ்" இதழில் எழுதினர். அந்த ஆண்டு மே 2-ஆம் தேதி 4,305 இதழ்கள் ஒரே நாளில் நீக்கப்பட்டன. பிறகு அதே புணே பல்கலைக்கழகத்தைத் தலைமை மையமாகக் கொண்டு "கேர்" பட்டியல் உருவாக்கப்பட்டது. 2022-இல் வந்த புதிய பி.எச்டி. விதிமுறைகள், கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தையே நீக்கின. மூன்று ஆண்டுகளுக்குள் பட்டியலும் போனது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில் தரமற்ற இதழ்களைச் சேர்க்கப் பரிந்துரைத்தவை பல்கலைக்கழகங்களேதான். எடைபோடும் திறன் வளாகத்துக்குள் இல்லாதபோது, மேலிருந்து தரப்படும் எந்தப் பட்டியலும் ஓட்டைப் பாத்திரம்தான் என்பதை அந்த அனுபவம் காட்டியது. எட்டு ஆண்டுகள் கழித்து, அதே பொறுப்பு அதே நிறுவனங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அவற்றின் திறன் வளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முப்பது மணி நேரப் பாடம்

திறனை வளர்க்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் "ஆராய்ச்சி, பதிப்பு நெறிமுறைகள்" என்ற பாடத்தைப் பி.எச்டி. மாணவர்கள் அனைவருக்கும் மானியக் குழு கட்டாயமாக்கியது. 30 மணி நேரம், 2 மதிப்பலகுகள், 6 பிரிவுகள். முதல் மூன்று பிரிவுகள் அறவியல், அறிவியல் ஒழுக்கம், பதிப்பு நெறி ஆகியவற்றைக் கோட்பாடாக விளக்குகின்றன. பின் மூன்று பிரிவுகள் செய்முறை: கட்டணமில்லா அணுக்கம் தரும் இதழ்களை அடையாளம் காண்பது, பதிப்பு முறைகேடுகளைக் கண்டறிவது, தரவுத்தளங்களையும் மேற்கோள் அளவீடுகளையும் கையாள்வது.

பாடத்திட்டத்தைப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். முற்பகுதி பேராசிரியரின் களம். பிற்பகுதி முழுக்க முழுக்க நூலகரின் தொழில். இருவரும் சேர்ந்து நடத்தினாலன்றி இந்தப் பாடம் முழுமை பெறாது. பல பல்கலைக்கழகங்களில் செய்முறை வகுப்புகளை நூலகர்களே எடுக்கிறார்கள். நாட்டில் நூலகரும் பேராசிரியரும் ஒரே பாடத்தைப் பங்கிட்டு நடத்த முறையான வாய்ப்பு ஏற்பட்டது இதன் மூலம்தான் எனலாம்.

ஆனால், இதன் எல்லை மிகச் சிறியது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22-ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4 கோடியே 33 லட்சம் பேர். அவர்களில் பி.எச்டி. மாணவர்கள் சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம். அதாவது, இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் இந்த வகுப்பு கிடைக்கிறது. மீதி 199 பேரும் இணையத்தில் தாங்களாகவே நீந்திக் கரையேற வேண்டும்.

இளநிலை மாணவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க 2018-இல் மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள், கல்வி நேர்மையின் அடிப்படைகளை இளநிலை, முதுநிலைப் பாடத்திட்டங்களில் கட்டாயப் பகுதியாகச் சேர்க்க வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும் என்றும் கூறுகின்றன. விதியின் இந்தப் பகுதி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. நடைமுறைக்கு வந்தது தண்டனைப் பகுதி மட்டுமே.

ஆசிரியராக வேண்டியவர் காவலரானார்

அந்த விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 சதவீதம் வரை என்றால் ஆறு மாதங்களுக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இதைக் கண்டறிய "சோத்சுத்தி" என்ற திட்டத்தின் வாயிலாக 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்கு மென்பொருள் வழங்கப்படுகிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நிர்வகிக்கிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றியுள்ள "சோத்கங்கா" களஞ்சியமும் இதே மையத்தின் பொறுப்பில்தான் உள்ளது.

மென்பொருள் வந்ததும் பல வளாகங்களில் அது நூலகத்தில் வைக்கப்பட்டது. ஆய்வேட்டை அதில் செலுத்தி, சதவீதத்தைக் குறித்துச் சான்றளிப்பது நூலகரின் வேலையாயிற்று. ஆய்வின் தொடக்கத்தில் மாணவரோடு அமர்ந்து தேடக் கற்றுத்தர வேண்டியவர், ஆய்வு முடிந்த பிறகு வாசலில் நின்று சோதனையிடும் காவலராக மாறினார். மாணவரும் நூலகத்துக்கு வருவது அறிவதற்காக அல்ல. 10 சதவீதத்துக்குள் தப்புவதற்காக என்றானது. சொற்களை மாற்றிப்போட்டு எண்ணைக் குறைக்கும் வித்தை கற்றவர் தேர்ச்சி பெறுகிறார்; மேற்கோள் காட்டத் தெரியாமல் உண்மையாக உழைத்தவர் சிக்கிக்கொள்கிறார். ஆங்கில நூல் ஒன்றை இந்திய மொழிக்கு அப்படியே பெயர்த்து எழுதினால் அதை எந்திரம் கண்டுபிடிப்பது எளிதல்ல. படித்துப் பார்க்கும் பேராசிரியரும் மூலத்தைத் தேடித்தரும் நூலகரும் சேர்ந்தால் கண்டுபிடிக்கலாம்.

ஒரு நாள் அறிமுகம் போதுமா?

கல்லூரிகளில் தகவல் அறிதிறன் என்ற பெயரில் பொதுவாக நடப்பது ஒன்றே ஒன்றுதான். கல்வியாண்டின் முதல் வாரத்தில் புதிய மாணவர்கள் வரிசையாக நூலகத்துக்கு அழைத்து வரப்படுகிறார்கள். உறுப்பினர் அட்டை, புத்தகம் திருப்பித் தரும் தேதி, அபராதத் தொகை, கணினிப் பட்டியலில் தேடும் முறை ஆகியவை முக்கால் மணி நேரத்தில் சொல்லி முடிக்கப்படுகின்றன. மாணவருக்கு அப்போது தேடுவதற்கு எதுவும் இல்லை. நான்கு மாதம் கழித்துக் கட்டுரை எழுதும் நிலை வரும்போது, கேட்டது மறந்திருக்கும். கை தானாகவே கைப்பேசியின் தேடுபொறிக்குச் செல்லும். முதலில் வருவதே முடிவான விடையாகிவிடும்.

தகவல் அறிதிறன் என்ற சொல்லை 1974-இல் முதலில் கையாண்டவர் அமெரிக்கரான பால் சுர்கவ்ஸ்கி. அந்நாட்டின் கல்லூரி, ஆராய்ச்சி நூலகச் சங்கம் 2000-இல் இதற்கான தர அளவுகளை வகுத்தது. 2016-இல் அவற்றின் இடத்தில் ஆறு அடிப்படைக் கருத்துகளைக் கொண்ட புதிய சட்டகம் வந்தது. ஒரு தகவலுக்குச் சொன்னவரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அது எந்தச் சூழலில் செல்லும் என்று கேட்பது அவற்றில் ஒன்று. யுனெஸ்கோவும் 2003-இல் பிராகிலும் 2005-இல் அலெக்சாந்திரியாவிலும் வெளியான பிரகடனங்கள் வழியாக இதை வாழ்நாள் கல்வியின் உயிர்நாடியாக ஏற்றது. இந்த அனுபவங்களின் சாரம் எளிமையானது: நூலகர் தனியாக நடத்தும் வகுப்பு நிலைப்பதில்லை, பாடத்தோடும் கட்டுரைப் பணியோடும் பிணைந்த வகுப்பே நிலைக்கிறது.

அப்படிப் பிணைப்பது எவ்வாறு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாட்டின் வேலையின்மை விகிதம் என்ன என்று பொருளாதார மாணவரிடம் கேட்டால், இணையம் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைக் காட்டும். தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பு ஓர் எண்ணைச் சொல்லும், சி.எம்.ஐ.இ. என்ற தனியார் நிறுவனத்தின் ஆய்வு வேறோர் எண்ணைச் சொல்லும். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் தத்தமக்கு உகந்ததை எடுத்து மேடையில் வீசும். யாரை வேலையற்றவர் என்று வரையறுக்கிறார்கள், எத்தனை நாள் வேலையைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதை விளக்குவது பேராசிரியரின் பணி. மூல அறிக்கையும் அதன் வினாப்பட்டியலும் எந்தத் தளத்தில் உள்ளன, முந்தைய சுற்றுகளை எப்படி எடுப்பது என்று காட்டுவது நூலகரின் பணி. மாணவர் எழுதும் கட்டுரைக்கு மட்டுமல்லாமல், அவர் அந்த எண்ணை வந்தடைந்த வழிக்கும் மதிப்பெண் என்று இருவரும் சேர்ந்து அறிவித்தால், தேடல் பாடமாகிவிடும்.

அரசியல் அறிவியல் மாணவர் நாடாளுமன்றக் கேள்வி-பதிலை மக்களவைத் தளத்திலேயே படிக்கலாம். சட்ட மாணவர் தீர்ப்பைப் பற்றிய செய்தியோடு நில்லாமல் தீர்ப்பையே வாசிக்கலாம். வரலாற்று மாணவர் அரசமைப்பு அவை விவாதங்களின் பக்கத்தைத் திறந்து, வாட்ஸ்ஆப்பில் உலவும் மேற்கோள் அங்கு இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். இவை எல்லாமே கட்டணமின்றிக் கிடைப்பவை. இல்லாதது வழிகாட்டும் கை மட்டுமே.

படித்தவராயிருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேரும், செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேரும், அப்பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேரும் இணையப் பக்கங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனிக்கப்பட்டது. அறிஞர்களும் மாணவர்களும் ஒரே பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து, அதன் இலச்சினையிலும் தோற்றத்திலும் அடிக்கடி ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினர். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தனர். பாட அறிவும் தேடும் அறிவும் வெவ்வேறு என்பதையே இது உணர்த்துகிறது. பேராசிரியருக்கும் நூலகரின் துணை தேவை என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

பிகார் சொன்ன பாடம்

இந்தியச் சூழலில் இத்தகைய கல்வி பலன் தருமா என்ற ஐயத்துக்குப் பிகார் இரு வேறு காலங்களில் இரு வேறு விடைகளைத் தந்துள்ளது. 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் அங்கு சுமார் 1,200 பேரிடையே சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். பொய்ச் செய்தியைக் கண்டறியும் முறைகள் வீடு தேடிச் சென்று ஒரு மணி நேரம் கற்றுத்தரப்பட்டன. ஒட்டுமொத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. பாஜக ஆதரவாளர்களைப் பொருத்தவரை, தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை இனங்காணும் திறன் முன்னைவிடக் குறைந்தே போனது. ஒரு நாள் வகுப்பு அரசியல் சார்பை அசைக்காது என்பது அந்த ஆய்வு காட்டிய கசப்பான உண்மை.

சில ஆண்டுகள் கழித்து அவரும் சக ஆய்வாளர்களும் அதே மாநிலத்தில் வேறு வழியில் முயன்றனர். ஊரக மகளிர் சுயஉதவிக் குழுக்களை ஒருங்கிணைக்கும் அரசு அமைப்பான "ஜீவிகா" நடத்தும் சமூக நூலகங்களே இம்முறை களம். 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குத் தகவலை எடைபோடும் பாடம், ஆசிரியர்களைக் கொண்டு நான்கு வகுப்புகளாக, இடைவெளி விட்டு நடத்தப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு அதற்கு ஈடாக ஆங்கில வகுப்பு நடந்தது.

2025-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்விதழில் வெளியான முடிவுகள் ஊக்கமளிப்பவை. பாடம் கேட்டவர்களுக்கு மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் திறன் தெளிவாக உயர்ந்தது. நான்கு மாதங்களுக்குப் பிறகும் அது மங்கவில்லை. வகுப்பில் பெரும்பாலும் உடல்நலம் தொடர்பான பொய்களே பேசப்பட்டன என்றாலும், அரசியல் பொய்களை எடைபோடுவதிலும் பலன் தெரிந்தது. மாணவர்களின் பெற்றோரிடம்கூட மாற்றம் காணப்பட்டது.

இரு ஆய்வுகளுக்கும் இடையே மாறியவை எவை? கற்பவரின் வயது, வகுப்புகளின் எண்ணிக்கை, கற்கும் இடம் ஆகிய மூன்றும் மாறின. வீட்டுத் திண்ணையில் ஒரு முறை சொல்லிச் சென்றதற்குப் பதிலாக, நூலகத்தில், ஆசிரியர் முன்னிலையில், மீண்டும் மீண்டும் கற்பிக்கப்பட்டது. வாய்ப்பு வசதிகள் குறைந்த கிராமத்து நூலகத்தில் இயன்ற செயல், தலைநகரின் பல்கலைக்கழகங்களில் இயலாது என்று யாரும் வாதிட முடியாது.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலும் ஒரு முன்னோடி முயற்சி நடந்தது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றி 2017-இல் வாட்ஸ்ஆப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர் அஞ்சிப் பின்வாங்கியதைக் கண்ட மாவட்ட நிர்வாகம், 2018-இல் "சத்யமேவ ஜயதே" என்ற பெயரில் 150 அரசுப் பள்ளிகளில் வகுப்புகளைத் தொடங்கியது. ஆசிரியர்களே பயிற்சி பெற்று நடத்தினர். குழந்தை கடத்தல் வதந்தியை நம்பி அதே 2018 ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரைக் கும்பல் அடித்துக் கொன்றது. எடைபோடாத தகவலின் விலை மதிப்பெண்ணோடு நிற்பதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

இல்லாத நூலுக்கு மேற்கோள்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல் சிக்கல் புதிய வடிவம் எடுத்துள்ளது. அதுவரை மாணவர் முன் இருந்த கேள்வி, இந்தத் தளத்தை நம்பலாமா என்பது. இப்போது, இந்த நூல் உண்மையில் இருக்கிறதா என்றே கேட்க வேண்டியுள்ளது. ஆசிரியர் பெயர், இதழின் பெயர், ஆண்டு, பக்க எண் அனைத்தும் பொருந்துமாறு, எழுதப்படாத கட்டுரைக்கு மேற்கோள் தருவது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் அறியப்பட்ட குறை. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு பிறப்பித்த ஓர் ஆணையில் இடம்பெற்ற சில தீர்ப்புகள் எங்கும் இல்லாதவை என்று தெரியவந்து, அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நீதி வழங்கும் மன்றத்திலேயே இந்த நிலை என்றால், இரவோடு இரவாகக் கட்டுரை முடிக்கும் இளநிலை மாணவரைக் குறை கூறிப் பயனில்லை.

இதற்கு மருந்து பழைமையானது: மேற்கோளைப் பின்தொடர்ந்து மூலத்தைக் கண்ணால் பார்ப்பது. நூலகர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இதுவே. தடையோடும் தண்டனையோடும் கருவியை எதிர்கொள்ளும் வளாகங்களைவிட, கருவி தந்த பத்து மேற்கோள்களைச் சரிபார்த்து வரச் சொல்லி அதையே வகுப்புப் பணியாக்கும் வளாகங்கள் மாணவரை நன்கு தயார்ப்படுத்தும்.

நிறுவனங்களுக்கும் இதில் நெருக்கடி உண்டு. 2025 செப்டம்பரில் வெளியான தேசியத் தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்காக முதல் முறையாக மதிப்பெண் குறைக்கப்பட்டது. எண்ணிக்கையைக் குவித்தால் ஏற்றம் என்றிருந்த கணக்கு மாறத் தொடங்கியிருக்கிறது.

குறுக்கே நிற்பவை

தேவை இவ்வளவு தெளிவாக இருந்தும் கூட்டு முயற்சி பரவாததற்குக் காரணங்கள் பல. முதலாவது, ஆள் இல்லை. பல மாநிலங்களில் அரசுக் கல்லூரி நூலகர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் உள்ளன. ஒப்பந்த ஊழியரோ, கூடுதல் பொறுப்பு ஏற்ற ஆசிரியரோ சாவியை வைத்திருக்கிறார். கதவைத் திறந்து மூடவே ஆள் இல்லாத இடத்தில் வகுப்பெடுக்க யாரை எதிர்பார்ப்பது?

இரண்டாவது, தகுதிநிலை. மானியக் குழுவின் விதிகளின்படி கல்லூரி நூலகருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தொடக்க ஊதிய நிலை ஒன்றே. தேசிய தகுதித் தேர்வும் இருவருக்கும் உண்டு. ஊதியத்தில் தரப்பட்ட சமநிலை வகுப்பறையில் தரப்படவில்லை. பாடத்திட்டக் குழுக்களில் நூலகருக்கு இடம் அரிது. கால அட்டவணையில் அவருக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுவதும் அரிது. தேர்வில் கேட்கப்படாத எதையும் மாணவர் பொருட்படுத்துவதில்லை என்பதால், அவ்வப்போது நடக்கும் பயிலரங்குகளும் காலி இருக்கைகளோடு முடிகின்றன.

மூன்றாவது, மொழி. "ஒரே சந்தா" திறந்துவிட்ட ஆய்விதழ்களில் ஆகப் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். தாய்மொழி வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்தக் கதவு திறந்திருந்தும் மூடியதே. தேடுசொல்லை எப்படி அமைப்பது என்பதே அவருக்குத் தனிப் பாடம். நான்காவது, பாகுபாடு. நாட்டின் கல்லூரிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தனியார் கல்லூரிகள். திட்டத்தின் முதல் கட்டத்தில் தனியார் நிறுவனங்கள் சேர்க்கப்படவில்லை.

கணித ஆசிரியர் காட்டிய வழி

நூலகரும் ஆசிரியரும் இரு வேறு இனம் என்ற எண்ணத்தை இந்திய நூலக இயக்கத்தின் தந்தையான சீர்காழி இரா. அரங்கநாதனின் வாழ்வே மறுக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவற்றில் முதலாவது; வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகம் வந்த அவர், தலைநகரில் நூலகவியலை உயர்கல்வியாக வளர்த்தார். மானியக் குழு 1957-இல் அவர் தலைமையில் அமைத்த நூலகக் குழு, நூலகர்களை ஆசிரியர்களுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஊதியத்தைப் பொருத்தமட்டில் அது பிற்காலத்தில் நிறைவேறியது; கற்பிக்கும் உரிமையைப் பொருத்தமட்டில் இன்னும் பாக்கி நிற்கிறது.

அந்தப் பாக்கியைத் தீர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஏற்கெனவே கட்டாயமாக்கிய இளநிலைப் பாடப்பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2019-ஆம் ஆண்டு பி.எச்டி. பாடத்தைப் போலவே கோட்பாட்டைத் துறைக்கும் செய்முறையை நூலகத்துக்கும் பிரித்துத் தரலாம். பாடத்திட்டக் குழுவில் நூலகருக்கு இடம் தரலாம். காலிப் பணியிடங்களை நிரப்புவது மட்டும் மாநில அரசுகளின் நிதியையும் மனத்தையும் பொறுத்தது.

மத்திய அரசுக்கும் ஒரு கெடு இருக்கிறது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு "ஒரே சந்தா" திட்டத்துக்கென 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒதுக்கிய தொகை ரூ.6 ஆயிரம் கோடி. சுமார் 1 கோடியே 80 லட்சம் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இதனால் பயனடைவார்கள் என்று அரசு கூறியது. திட்டத்தைப் பற்றி விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தப்படும் என்றும், பயன்பாட்டையும் இந்திய ஆய்வாளர்களின் வெளியீடுகளையும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அவ்வப்போது மதிப்பிடும் என்றும் அறிவிக்கப்பட்டது. எத்தனை கட்டுரைகள் பதிவிறக்கம் செய்யப்பட்டன என்பதைக் கணினி சொல்லிவிடும். பதிவிறக்கியவர்களில் எத்தனை பேருக்கு அதை எடைபோடத் தெரிந்தது என்பதைக் கணினி சொல்லாது. திட்டத்தை நீட்டிக்கும் முடிவு அமைச்சரவையின் முன் வரும்போது, சந்தாவுக்கான தொகையோடு கற்றுத்தருவதற்கான தொகையும் தனியே குறிக்கப்படுகிறதா என்பதை மாநிலங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்டாக வேண்டும்.